பேட்டரியில் ஓடும் தெர்மாகோல் கட்டர்: எலிமென்ட் கணக்கிலிருந்து கைப்பிடி வரை

பழைய 25 வாட் சால்டரிங் அயர்ன் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதன் ஒயரை வெட்டி 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் சூடாகாதா என்று என்னிடம் கேட்டவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தவன்தான். அரை மணி நேரம் கழித்துத் தொட்டாலும் ஜில்லென்று இருந்தது.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் எலிமென்ட் (உள்ளே சூடாகும் கம்பிச்சுருள்) என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 25-ஆல் வகுக்க வேண்டும், 2116 ஓம் மின்தடை வரும். அதே எலிமென்ட்டில் 12 வோல்ட் கொடுத்தால் 12 பெருக்கல் 12, வகுத்தல் 2116. 0.07 வாட்கூடத் தேறாது. வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஆக, பேட்டரியில் சூடு வேண்டுமென்றால் எலிமென்ட்டின் மின்தடை சில ஓம்களுக்குள் இருக்க வேண்டும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. 2116 ஓம் எலிமென்ட்டோடு அரை ஓம் சுவிட்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு ஓம் எலிமென்ட்டோடு அதே அரை ஓம் சுவிட்ச் சேர்ந்தால் பேட்டரியின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு சுவிட்சுக்குள்ளேயே போய்விடும்.

சூடான கம்பியால் தெர்மாகோல் வெட்டும் என் முதல் கட்டரின் கதை இதுதான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் பெயர் வெட்டித் தர ஒத்துக்கொண்டிருந்தேன். சூட்டுக்கம்பியாக 24 கேஜ் தடிமனில் நிக்ரோம் 10 சென்டிமீட்டர், ஒரு லித்தியம் செல், ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் செல் ஹோல்டர், பத்து ரூபாய் ஸ்லைடு சுவிட்ச், பிரெட்போர்டில் குத்தும் மெல்லிய ஜம்பர் ஒயர். பத்து நிமிடத்தில் கைப்பிடி பிடிக்க முடியாத சூடு, கம்பியோ தெர்மாகோலில் திக்கித் திணறி நகர்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்தால் செல்லில் 3.8 வோல்ட், கம்பியின் இரு முனைகளுக்கிடையே வெறும் 1.2 வோல்ட். ஓடிய கரண்ட் 2.7 ஆம்பியர். கம்பிக்கு 3 வாட்டுக்குச் சற்று மேல், கைப்பிடிக்கு 7 வாட்! கட்டர் செய்கிறேன் என்று கைச்சூடு கொடுக்கும் கருவி செய்து வைத்திருந்தேன். ஸ்லைடு சுவிட்சின் பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது.

இனி அந்தத் தப்புகள் இல்லாமல் ஒன்று செய்வோம். 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றே ஒன்று, அதில் இரண்டு மணி நேரம் ஓடும் தெர்மாகோல் கட்டர். கொலுப் படி அலங்காரம், பள்ளிக்கூட மாடல், மேடை எழுத்து எல்லாவற்றுக்கும் போதும். (தெர்மாகோல் என்றதும் 2017-இல் வைகை அணையில் மிதந்தது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

முதலில் கம்பி

சூட்டுக்கம்பி என்றால் பெரும்பாலும் நிக்ரோம், அதாவது நிக்கல் 80 பங்கு, குரோமியம் 20 பங்கு. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், நீடித்து உழைக்கும் வீட்டு டோஸ்டர் அதற்கப்புறம்தான் சாத்தியமாயிற்று. சூடேறும்போது மேலே படியும் குரோமியம் ஆக்சைடு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. இரும்புக் கம்பி போல எரிந்து உதிராது.

இன்னொரு வகைக்குப் பெயர் கந்தல் (Kanthal). இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, சுவீடன்காரர்களின் சரக்கு. நிக்ரோமைவிட அதிகச் சூடு தாங்கும், ஆனால் ஒரு தடவை நன்றாகச் சிவந்துவிட்டால் அப்புறம் மொறுமொறுவென்று ஒடியும். பழைய மின் அடுப்பின் சுருளைப் பிரித்துக் கம்பி எடுக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கம்பியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கந்தல் வகை, விட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டால் நிக்ரோமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஒரு முனையை ஆணியில் மாட்டி மெதுவாக இழுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் புதுக் கம்பியே மீட்டர் கணக்கில் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பதுதான் என் கட்சி.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கேஜ் என்று சொல்வது பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்க வீடியோக்களில் சொல்வது ஏ.டபிள்யூ.ஜி. இரண்டும் வேறு வேறு. நம் 34 கேஜ் 0.234 மில்லிமீட்டர் தடிமன், அவர்களுடைய 34 வெறும் 0.16 மில்லிமீட்டர். மின்தடை இரண்டு மடங்குக்கும் மேல் மாறிப்போகும். அதனால் கேஜை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேளுங்கள். நிக்ரோமில் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்குப்படி 24 கேஜ் மீட்டருக்கு ஏறக்குறைய 4.4 ஓம், 28 கேஜ் 9.8, 30 கேஜ் 14, 34 கேஜ் 25.

எவ்வளவு நீளம், எவ்வளவு வாட்

தெர்மாகோல் வெட்டக் கம்பி சிவக்க வேண்டியதில்லை. சிவந்தால் தப்பு. பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும், கம்பி காற்றில் 250 முதல் 350 டிகிரிக்குள் இருந்தால் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். 34 கேஜ் கம்பிக்கு அது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ கால் வாட். கம்பி தடித்தால் மேல்பரப்பு கூடும், வாட்டும் கூட வேண்டும்.

15 சென்டிமீட்டர் வாய் உள்ள கட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34 கேஜ் கம்பி 15 சென்டிமீட்டருக்கு 3.8 ஓம். செல் முழுசாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட், அப்போது 1.1 ஆம்பியர், 4.6 வாட். நடுவில் 3.7 வோல்ட்டில் 3.6 வாட். தீரும் தறுவாயில் 3.3 வோல்ட்டில் 2.9 வாட். மூன்றிலும் வெட்டும், கடைசியில் கொஞ்சம் மெதுவாக வெட்டும், அவ்வளவுதான். 2500 மில்லி ஆம்பியர்-மணி செல்லில் 9 வாட்-மணி சொச்சம் இருக்கிறது, 3.6 வாட்டுக்கு இரண்டரை மணி நேரம் வர வேண்டும், விரயம் போக இரண்டு மணி என்று வையுங்கள்.

நிக்ரோமின் நல்ல குணம், சூடானாலும் மின்தடை பெரிதாக மாறாது, இந்தச் சூட்டில் சில சதவீதம்தான். குண்டு பல்பின் டங்ஸ்டன் போலப் பத்து மடங்கெல்லாம் ஏறாது. அதனால் குளிர்ந்த கம்பியில் அளந்ததையே நம்பிக் கணக்குப் போடலாம்.

ஆனால் அளப்பதிலேயே ஒரு சூது இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பாருங்கள், 0.3 என்றோ 0.4 என்றோ காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை. அதைக் கழிக்காமல் 15 சென்டிமீட்டர் கம்பியை அளந்தால் பத்து சதவீதம் பிசகும். நான் ஒரு மீட்டர் கம்பியை நீட்டி வைத்து அளந்து, முனைத் தடையைக் கழித்து, அப்புறம் நீளத்தால் வகுத்துக்கொள்வேன்.

பேட்டரி

18650 செல் வாங்கும்போது மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். நல்ல செல்லிலேயே 3500-ஐத் தாண்டுவது அபூர்வம். முனைகளில் நிக்கல் பட்டை வெல்டு செய்த செல்லாகக் கேளுங்கள், ஒயரை அந்தப் பட்டையில் பற்றவைக்கலாம். செல்லின் மேலேயே நேராகப் பற்றவைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சீல் அந்தச் சூட்டைத் தாங்காது. ஸ்பிரிங் ஹோல்டர் வேண்டவே வேண்டாம், என் 7 வாட்டில் பாதிக்கு மேல் அது தின்றதுதான்.

சார்ஜுக்கு டிபி4056 சிப் வைத்த சின்ன போர்டு போதும், பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்து வரும் வகையைக் கேளுங்கள். அதில் ஆறு இணைப்பு இடங்கள் இருக்கும். செல் போக வேண்டியது பி பிளஸ், பி மைனஸ். கட்டர் போக வேண்டியது அவுட் பிளஸ், அவுட் மைனஸ். பலர் இரண்டையும் பி-யிலேயே கொடுத்துவிடுகிறார்கள், வேலை செய்யும், ஆனால் செல் அடிமட்டத்துக்கு வற்றும்போது வெட்டிவிட ஆளில்லாமல் செல் செத்துப்போகும். சரியாகக் கொடுத்தாலும் அந்தச் சிப் 2.4 வோல்ட் வரை விட்டுவிடும், செல்லுக்கு அது ரொம்பக் கீழே. கம்பி சோர்ந்தது தெரிந்ததும் நாமே நிறுத்திச் சார்ஜ் போடுவது நல்லது. சார்ஜ் ஏறும்போது கட்டரை ஓட்டாதீர்கள். செல்லின் பிளஸ் பக்கம் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, செல்லை ஒட்டியே.

சட்டம்

உண்டிவில் பார்த்திருப்பீர்கள். அதே வடிவம், ரப்பர் இருக்கும் இடத்தில் கம்பி. கைப்பிடிக்கு 25 மில்லிமீட்டர் பிவிசி ஒயரிங் பைப், 18650 செல் உள்ளே சுளுவாகப் போகும், 20 மில்லிமீட்டரில் போகாது. இரண்டு கைகளுக்கும் மூங்கில் சிம்பு. மூங்கிலை நான் விரும்புவதற்கு இரண்டு காரணம்: மின்சாரம் கடத்தாது, வெளிப்பக்கமாகத் தானே விறைத்து நிற்கும். அந்த விறைப்பு முக்கியம். கம்பி 300 டிகிரி ஏறினால் 15 சென்டிமீட்டரில் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கேட்க ஒன்றுமில்லை, ஆனால் தளர்ந்த கம்பி தெர்மாகோலுக்குள் வில்லாக வளைந்துகொண்டு வரும், மேல் பக்கம் நேராகவும் அடிப்பக்கம் கோணலாகவும் எழுத்து விழும். மூங்கில் கைகளை உள்ளே நெருக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியை முடுக்கிவிட்டுக் கையை எடுத்தால், அது நீள நீள மூங்கில் இழுத்துக்கொள்ளும். விரலால் சுண்டினால் டங் என்று சத்தம் வர வேண்டும்.

கம்பியின் முனை

இதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். நிக்ரோமில் ஈயம் ஒட்டாது. மேலே படிந்த ஆக்சைடில் பற்றவைக்கும்போது தடவும் சாதாரண ஃப்ளக்ஸ் வேலைக்காகாது, எப்படியோ ஒட்டவைத்தாலும் சாதாரண ஈயம் 190 டிகிரியிலேயே உருகிவிடும், நம் கம்பியோ அதற்கு மேல். ஆகவே திருகாணிதான். பித்தளை எம்3 போல்ட், இரண்டு பித்தளை வாஷர், நடுவில் கம்பி, மறுபக்கம் தாமிர ஒயருக்கு ரிங் லக் (வளைய முனை).

அதற்கு முன்னால் ஒரு வேலை. கம்பியை 25 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒவ்வொரு முனையிலும் 5 சென்டிமீட்டரைப் பாதியாக மடக்கி, பின்னல் போல முறுக்குங்கள். இப்போது நடுவில் 15 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பி, இரு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் இரட்டைக் கம்பி. இரட்டைப் பகுதியில் கரண்ட் இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு இழையிலும் சூடு கால்வாசிதான். போல்ட்டுக்குள் போவது இந்தக் குளிர்ந்த பகுதி, ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். இல்லாவிட்டால் மூங்கில் கருகும், போல்ட்டின் விளிம்பில் கம்பி அடிக்கடி அறும்.

ஒரு பக்கப் போல்ட்டில் மட்டும் சாதா நட்டுக்குப் பதில் பட்டர்ஃப்ளை நட் போடுங்கள். ஆங்கில எழுத்து வெட்டுகிறவர்களைவிட நமக்கு இது அதிகம் தேவை, நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன, ழ என்று எதை எடுத்தாலும் உள்ளே ஒரு ஓட்டை அல்லது ஒரு சுழல் வந்துவிடும். மூடிய சுழியின் உள்ளே வெட்ட, சைக்கிள் ஸ்போக்கைச் சூடுகாட்டித் துளை போட்டு, கம்பியின் ஒரு முனையைக் கழற்றி அதற்குள் நுழைத்து மறுபடி முடுக்க வேண்டும். ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

சுவிட்சும் கட்டுப்பாடும்

அழுத்தினால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். மைக்ரோ சுவிட்ச் நல்லது, 5 ஆம்பியருக்குக் குறையாதது. கருவியை மேசையில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனாலும் அது தானே அணைந்திருக்கும். ஒயர் 0.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம், அதற்கு மெல்லியது வேண்டாம்.

மேலே போட்ட கணக்கில் கட்டுப்பாட்டு போர்டே தேவையில்லை. வேண்டுமென்றால் மோட்டார் வேகம் குறைக்கும் சின்ன பிடபிள்யூஎம் போர்டு (கரண்டை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டு, சராசரியைக் குறைப்பது) ஒன்றை நடுவில் சேர்க்கலாம், 3 வோல்ட்டிலும் ஓடும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பல போர்டுகள் 5 அல்லது 6 வோல்ட்டுக்குக் கீழே படுத்துவிடும். மெல்லிய தெர்மாகோல் தாளுக்குச் சூட்டைக் குறைக்க உதவும்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரில் மெஷினின் 18 வோல்ட் பேட்டரி கையில் இருக்கிறது, அதில் இதே கம்பியைக் கொடுத்து பிடபிள்யூஎம்மில் 5 சதவீதம் வைத்தால் சரிதானே என்று கேட்பார்கள். கணக்குப்படி சரி. ஆனால் அந்த போர்டில் இருக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், அதாவது முழுத் திறப்பு. 18 வோல்ட் நேராக 3.8 ஓமில் விழுந்தால் 85 வாட், கம்பி வெள்ளையாகப் பளிச்சிட்டு அறுந்து மடியில் விழும். கட்டுப்பாடு முழுசாகக் கைவிட்டாலும் கம்பி லேசாகச் சிவப்பதோடு நிற்கும்படி முதலில் மின்தடையைத் தேர்ந்தெடுங்கள், பிடபிள்யூஎம் மெருகேற்ற மட்டும்தான். 18 வோல்ட்டில்தான் செய்வேன் என்றால், அது உள்ளே ஐந்து செல் வரிசை, முழுசாக ஏறினால் 21 வோல்ட், கணக்கை 21-க்குப் போடுங்கள். அந்தப் பேக்குகள் பலவற்றில் பேட்டரி வற்றினால் நிறுத்தும் வேலையைச் செய்வது டிரில்தான், பேக் அல்ல. அதனால் 15 வோல்ட்டில் வெட்டிவிடும் போர்டு தனியாகத் தேவை.

சரிபார்ப்பு

எல்லாம் மாட்டியாயிற்றா? சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் தொடுங்கள். சுவிட்சின் இரு காலுக்கும் நடுவே எவ்வளவு? ஃபியூஸில்? ரிங் லக்குக்கும் கம்பிக்கும் நடுவே? எங்கே வோல்ட் விழுகிறதோ அங்கே சூடு. சுவிட்சிலும் ஒவ்வொரு போல்ட்டிலும் 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்குங்கள். ஃபியூஸும் பாதுகாப்பு போர்டும் கொஞ்சம் தின்னும், அதைத் தவிர்க்க முடியாது. கடைசியில் கம்பிக்குப் போய்ச் சேர்வது செல்லின் வோல்ட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருந்தால் கருவி தேறியது.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுக் கம்பியைப் பாருங்கள். இருட்டில்கூடச் சிவப்பு தெரியக் கூடாது. துண்டுத் தெர்மாகோலில் வைத்து, தள்ளாமல், கருவியின் எடையாலேயே இறங்க விடுங்கள். புகை கண்ணுக்குத் தெரிந்தாலோ வெட்டிய சந்து கம்பியைவிட மூன்று நான்கு மடங்கு அகன்றாலோ சூடு அதிகம். கம்பி வளைந்து பின்தங்கினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள், அல்லது செல் தீர்ந்துகொண்டிருக்கிறது. வெட்டிய முகம் மெல்லிய பளபளப்போடு, முத்து முத்தாக உதிராமல் இருந்தால் அதுதான் பதம்.

சில கண்டிப்பான விஷயங்கள்

வெறும் நிக்ரோம் கம்பியை டிம்மர் போட்டோ, பல்பைத் தொடராகக் கொடுத்தோ 230 வோல்ட்டில் ஓட்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. செய்யாதீர்கள். கம்பி மிதமாகத்தான் சூடாகும், ஆனால் தொட்டவர் பிழைப்பது அதிர்ஷ்டம். ஜன்னல் திறந்து, மின்விசிறிக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் காற்று போகும்படி உட்காருங்கள், தெர்மாகோல் உருகும்போது வருவது ஸ்டைரீன் ஆவி. அதைவிட மோசம் மற்ற பொருள்கள்: கடையில் சன்போர்டு என்று தருவது பெரும்பாலும் பிவிசி, சூட்டுக்கம்பி வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை சூட்டில் சிதைந்தால் சயனைடு வாயுவே வரலாம். இரண்டையும் கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இதே கணக்கில் நைலான் கயிறு முனை உருக்கும் கருவியும் செய்யலாம், குட்டி சால்டரிங் அயர்னும் செய்யலாம். ஆனால் சால்டரிங் அயர்னை மட்டும் வாங்கிவிடுங்கள். டி12 வகை முனைக்குள்ளேயே 8 ஓம் எலிமென்ட்டும் சூடு அளக்கும் தெர்மோகப்பிளும் தொடராக இருக்கின்றன, 24 வோல்ட்டில் 70 வாட், இதை வீட்டில் சுற்றிச் செய்ய முடியாது. அதே 8 ஓமை 12 வோல்ட்டில் போட்டால் 18 வாட்தான், கடையில் வாங்கியது சூடேறவே மாட்டேனென்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் 12 வோல்ட் அடாப்டர் மாட்டியவர்கள். பசைத் துப்பாக்கியில் இருப்பது பிடிசி என்னும் பீங்கான் வில்லை, தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், இந்த ஓம் கணக்கு அதற்குப் பொருந்தாது.

34 கேஜ் கம்பி மெல்லியது, எப்படியும் எப்போதாவது அறும். அதனால் இரு முனையும் முறுக்கித் தயாராக வைத்த நாலைந்து கம்பிகளை ஒரு தீப்பெட்டியில் சுருட்டிப் போட்டுக் கருவியோடு வைத்துவிடுங்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கடைசி ‘ணி’யை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது அறும்.